வேலியும் வெருகும்

யாழ்ப்பாணத்து வாழ்க்கையிலே வேலி வகிக்கும் இடத்தை அறியாதார் இலர். பனையோலையாலோ கிடுகாலோ அடைக்கப்பட்டதாயினும், கிளுவையும் பூவரசும் கதியால்களாக நின்று தளிர்த்ததாயினும், அண்மைக் காலத்திற் பெருகிவிட்ட சீமெந்துக் கல் மதிலாயினும், இதுவரை ஒருவருடையது, இதற்கப்பால் மற்றவருடையது என்று சொல்லி நிற்பதே அதன் தொழில். அந்த எல்லையில் நான்கு விரற்கடை வேறுபட்டதற்காக உடன்பிறந்தார் ஆண்டுக்கணக்கிற் பேசாதிருந்ததும், வளவின் பெறுமதிக்கு மேலாக வழக்கிலே செலவழித்ததும் இம்மண்ணிற் புதினமல்ல. ஒல்லாந்தர் ஆட்சியில் 1706, 1707ஆம் ஆண்டுகளிலே தொகுக்கப்பட்ட தேசவழமை, எல்லையோரத்து மரம் அயலவன் நிலத்தின்மேற் சாய்ந்து வளர்ந்தால் அதன் பயன் எவரைச் சாரும் என்பதையுங்கூட மறவாது பேசுகிறது.

இத்தகைய சமூகத்திலே எந்த வேலிக்கும் உட்படாத வளர்ப்புப் பிராணி ஒன்று உண்டாயின் அது பூனையே. மாடு பயிரை மேய்ந்தால் மாட்டுக்காரரின் படலையிலே வந்து நின்று நியாயம் கேட்பர். கோழி நாற்றைக் கிளறினாலும் நாய் வழிப்போக்கரைக் கடித்தாலும் அவ்வாறே. ஆயின் அயல்வீட்டுப் பூனை அடுப்படிக்குள் நுழைந்து பொரித்த மீனைக் கவ்விச் சென்றால், வீட்டுக்காரி மூடி வையாத தன் கவனக்குறைவையே நொந்துகொள்வாளன்றிப் பூனைக்கு உரியவரிடம் ஈடு கேட்க மாட்டாள். பூனைக்கு உரியவர் என்று ஒருவரைச் சுட்டுவதே சில ஒழுங்கைகளில் அரிது. ஒரு வீட்டிலே குட்டி ஈன்று, மற்றொரு வீட்டிலே பால் குடித்து, மூன்றாம் வீட்டுக் கூரையிலே உறங்கும் அதனை, அயலட்டை முழுவதற்கும் பொதுவான ஒரு சீவனாகவே ஊர் கருதி வந்துள்ளது.

எழுதாத இந்த உடன்படிக்கை எதனைப் பற்றி நிற்கிறது என்று ஆராய்வது பயனுடையது. பூனை சிறியது, மனிதரைக் கண்டால் விலகுவது, எலியைப் பிடித்து உதவி செய்வது, அது செய்யக்கூடிய தீங்கின் அளவு எல்லார்க்கும் முன்கூட்டியே தெரிந்தது. கடுவன் பூனைகள் இரண்டு கூரைமேற் சண்டையிட்டு ஊரின் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதும், கோழிக்குஞ்சு இரண்டொன்று குறையும் என்பதும் அந்தக் கணக்கிலே சேர்ந்தவையே. தெரிந்த தீங்காகையால் அயலவர் அதனைப் பொறுத்துக்கொள்கின்றனர். அந்தப் பொறுமை பூனை எனும் இனத்துக்கு வழங்கப்பட்டது. அவ்வினத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு அவ்வினமல்லாத ஒன்று வேலியைத் தாண்டி வருமாயின் அப்பொறுமையை அதனிடமும் காட்டும் கடமை அயலவர்க்கு உண்டா? வீட்டுப் பூனையையும் காட்டு விலங்கையும் இணைத்துப் பெறப்பட்ட கலப்புப் பிறப்புப் பூனைகள் உலகெங்கும் செல்வர் வீடுகளை அடைந்து, இலங்கையிலும் விற்பனைப் பொருளாகத் தோன்றியுள்ள இன்றைய நிலையில், இவ்வினாவை வெறுங் கற்பனை என்று தள்ளிவிட இயலாது.

இப்பூனைகளின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் மில் என்னும் பெண்மணி, ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப் பூனையொன்றை வீட்டுப் பூனையுடன் இணையவிட்டு 1963இற் குட்டி பெற்றார். பின்னர், வெண்குருதிப் புற்றுநோய் பற்றிய ஆய்வுக்காகக் கலிபோர்ணியாவில் வில்லார்ட் சென்ரர்வோல் என்னும் மருத்துவர் உருவாக்கிய கலப்புப் பூனைகள் சிலவற்றைப் பெற்று, 1980களிலே அம்முயற்சியைத் தொடர்ந்தார். அதன் விளைவே வங்காளப் பூனை. 1986 ஏப்ரல் 7ஆந் திகதி பென்சில்வேனியாவிலே, ஆபிரிக்கப் புல்வெளிகளுக்குரிய செர்வல் என்னும் நெடுங்காற் காட்டுப்பூனைக்கும் சீயப் பூனைக்கும் பிறந்த குட்டிக்குச் சவன்னா என்று பெயரிட்டனர். மூன்றாவதான சௌசி, 1995இல் சர்வதேசப் பூனைச் சங்கமொன்றின் பதிவேட்டிலே இடம்பெற்றது. சவன்னாவின் முதற் தலைமுறைக் குட்டியொன்றுக்கு இருபதினாயிரம் டொலர் வரை கொடுப்பாரும் உளர் என்பர்.

மூன்றாவது பூனையின் பெயரிலே யாழ்ப்பாணத்தார்க்கு ஒரு செய்தி உண்டு. சௌசி என்னும் பெயர், 'பீலிஸ் சௌஸ்' என்னும் காட்டுப்பூனையின் விலங்கியற் பெயரிலிருந்து வந்தது. நைல் நதிப் பள்ளத்தாக்கிலிருந்து தென்கிழக்காசியா வரை பரந்துள்ள அவ்வினம், இலங்கையிலே யாழ்ப்பாணக் குடாநாடு உட்பட்ட வடபுலத்து வறண்ட பற்றைகளிலும் வயலோரங்களிலும் வாழ்வது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள அதன் கிளையினத்துக்கு, 1852இல் இலங்கை விலங்குகள் பற்றி நூல் எழுதிய கேலாற் என்பாரின் பெயரை 1939இற் பொக்கொக் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர் சூட்டினார். நீண்ட கால், குறுகிய வால், செவி நுனியிலே சிறு மயிர்க்கற்றை, புள்ளியற்ற மங்கிய மணல் நிறம் ஆகியவை அதன் அடையாளங்கள். அமெரிக்கச் செல்வர் ஒருவர் பெரும்பணம் கொடுத்து வரவேற்பறையிலே வைத்துக்கொள்ள விரும்பும் 'அந்நிய' விலங்கின் மூதாதை, வடபுலத்து உழவர் விடியற்காலையில் வரம்பிலே கண்டு 'காட்டுப் பூனை' என்று கூறிக் கடந்து போவதுதான். அந்நியம் என்பது காண்பவனின் இருப்பிடத்தைப் பொறுத்தது போலும்.

பழந்தமிழர் காட்டுப் பூனையை வெருகு என்றனர். இன்றைய விலங்கியலார் பிரிக்கும் இனங்களுள் எதனை அச்சொல் குறித்தது என்று துணிதல் அரிது. ஆயினும் தொல்காப்பிய மரபியல் வெருகைப் பூசை என்ற பெயராலும் வழங்கலாம் என்று இசைவு தருகிறது. பூசை என்பதே பின்னர் பூனையாயிற்று என்பர். காட்டிலுள்ளதற்கும் வீட்டிலுள்ளதற்கும் ஒரு பெயர் பொதுவாகலாம் என்று இலக்கணமே ஒப்புக்கொண்ட இடம் அது. குறுந்தொகையின் 107ஆம் பாட்டிலே, கணவனோடு கூடியிருந்த இரவை முடித்துவைத்த சேவலைச் சபிக்கும் பெண், நள்ளிரவிலே வீட்டெலியை எதிர்பார்த்திருக்கும் வெருகுக் குட்டிக்கு அச்சேவல் இரையாகட்டும் என்கிறாள். இப்பாட்டில் வெருகு எங்கே நிற்கிறது என்பது கவனிக்கத்தக்கது. அது காட்டின் நடுவில் இல்லை. வீட்டெலிக்காக வீட்டின் ஓரத்திலே காத்திருக்கிறது. அதனை எவரும் பிடித்துக் கட்டவுமில்லை, பாலூற்றி அழைக்கவுமில்லை. சேவலுக்கு ஆபத்து என்று தெரிந்தும் அது அங்கே வரும் என்பதை இயல்பாகக் கொண்டே அந்தப் பெண் பேசுகிறாள். வீட்டுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட அந்த ஓரம் ஒன்று இருந்தது என்பதும், அதிலே நிற்பதா விலகுவதா என்பதை வெருகே தீர்மானித்தது என்பதும் இங்கு முக்கியமானவை.

வீட்டுப் பூனையின் பிறப்பும் அவ்வாறே நிகழ்ந்ததென்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மேற்காசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் வாழ்ந்த காட்டுப்பூனை, தானியக் களஞ்சியங்களைச் சூழ்ந்த எலிகளை நாடித் தானாகவே மனிதரை அண்டியது. அது பல்லாயிரம் ஆண்டுகளில், ஒவ்வொரு தலைமுறையிலும் அச்சம் குறைந்தவை அதிகம் பிழைத்ததனால் உண்டான உறவு. இந்தப் பின்னணியில் நோக்கினாற்றான் கலப்புப் பிறப்புப் பூனையின் தனித்தன்மை புலப்படும். அங்கே காட்டு விலங்கு ஓரத்துக்கு வந்து தீர்மானிக்கவில்லை. கூட்டிலே அடைக்கப்பட்டு, தன்னினமல்லாத துணையோடு பழக்கப்பட்டு, தான் நாடாத வீட்டுக்குள் தன் வழித்தோன்றல்களை அனுப்புகிறது.

ஆயின் கலப்பு என்பதையே குற்றமெனக் கூறிவிடலாமா? கூற இயலாது. யாழ்ப்பாணத்து மாட்டுக் கொட்டில்களிலே ஐரோப்பியச் சாதிகளோடு கலந்த பசுக்கள் நின்று பால் தருகின்றன. செயற்கை முறைச் சினைப்படுத்தலை எதிர்த்து எவரும் அறநூல் எடுத்ததில்லை. ஒட்டு மாமரத்திலே பழுத்த கறுத்தக்கொழும்பானை அது ஒட்டியது என்பதற்காக எவரும் வெறுத்ததில்லை. தூய்மை, கலப்பு என்னும் சொற்களைக் கொண்டு உயிர்களை மதிப்பிடும் பழக்கம் மனிதரிடையே எத்தகைய கொடுமைகளுக்கு வித்திட்டது என்பதைச் சாதியின் பெயரால் மனிதரைப் படலைக்கு வெளியே நிறுத்திய சமூகம் எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. அதுவே கற்றுக்கொள்ள வேண்டியது. ஆதலின் கலந்தது, எனவே தீது என்ற வாதத்தைத் தொடக்கத்திலேயே கைவிடுதல் நன்று.

வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. கலப்புப் பசுவின் தாயும் தந்தையும் கொட்டிலுக்கே உரியவை. கன்றுக்கும் கொட்டில் அந்நியமன்று. செர்வலின் குட்டிக்கோ தாய் வழியே ஒரு வீடும் தந்தை வழியே ஒரு புல்வெளியும் உண்டு. அவ்விரண்டினுள் ஒன்றேனும் அதற்கு முழுமையாகப் பொருந்துமா என்பது உறுதியில்லை. இந்தப் பொருத்தமின்மை கருவிலேயே தொடங்குகிறது. வீட்டுப் பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள். செர்வலினது ஏறத்தாழ 74 நாள். எனவே முதற் தலைமுறைக் குட்டிகள் காலம் நிரம்பாது பிறப்பது உண்டு. மேலும், இரு இனங்கள் கலந்து பிறக்கும் சந்ததியில் ஒரு பால் மலடாகுமாயின் அது பெரும்பாலும் வேறுபட்ட பாலியல் நிறமூர்த்தங்களைக் கொண்ட பாலாகவே இருக்கும் என்று 1922இல் ஹால்டேன் வகுத்த விதி இங்கேயும் செல்லும். (இந்தியாவைத் தம் நாடாக ஏற்று 1964இற் புவனேசுவரத்திலே மறைந்த அதே ஹால்டேன்தான்.) முதற் சில தலைமுறைகளின் ஆண் குட்டிகள் பெரும்பாலும் மலடே. இவ்வாறு பிறக்கும் ஒவ்வோர் உயிரும் 'இன்னும் சில தலைமுறை சென்றால் நல்ல செல்லப்பிராணி கிடைக்கும்' என்ற எதிர்பார்ப்பின் இடைப்படியாகவே நிற்கிறது. தன்பொருட்டு வாழ வேண்டிய உயிரை வேறோர் உயிருக்குப் படிக்கட்டாக்குவது சரியா என்ற வினாவுக்கு, வளர்ப்போர் சங்கங்களின் அழகுப் போட்டி விதிகளிலே விடை இல்லை.

இவ்வளவும் எதற்காக? அழகுக்காக, அதாவது காட்டின் தோற்றத்தை வீட்டிலே காண்பதற்காக. வங்காளப் பூனைகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து அமெரிக்க ஆய்வாளர் 2024இல் வெளியிட்ட முடிவு இவ்விடத்து நினைக்கத்தக்கது. இன்றைய வங்காளப் பூனைகளிலே சிறுத்தைப் பூனையின் பங்கு சராசரியாக 3.5 வீதம் மட்டுமே. காட்டுத் தோற்றமென்று புகழப்படும் அடையாளங்களிற் பெரும்பகுதி வீட்டுப் பூனையிடம் முன்னரே இருந்த மரபணு வேறுபாடுகளைத் தேர்ந்து பெருக்கியதனால் விளைந்தது என்று அவர் கண்டனர். காட்டிலிருந்து கொண்டுவந்ததாக எண்ணி மகிழ்ந்தது பெரும்பாலும் அடுப்படியிலே படுத்திருந்த பூனையினுடையதே. இதிலே நகைப்புக்கும் இடமுண்டு, துயரத்துக்கும் இடமுண்டு. 2007இலே அமெரிக்க நிறுவனமொன்று, செர்வலும் சிறுத்தைப் பூனையும் வீட்டுப் பூனையும் கலந்த புதிய இனம் என்று கூறி 22,000 டொலர் விலையில் விளம்பரப்படுத்திய பூனைகள், அடுத்த ஆண்டு நெதர்லாந்திலே நடந்த மரபணுச் சோதனையில் வெறும் சவன்னாப் பூனைகளே என்று தெரியவந்தது. வாங்கியவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் விலை கொடுத்தது பிராணிக்கா, அதனைப் பற்றிய கதைக்கா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி அயலவரின் பக்கத்தை நோக்குவோர்க்குச் சட்டம் ஒரு வாயிலைத் திறக்கிறது. இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையாயமைந்த உரோம ஒல்லாந்தச் சட்ட மரபிலே பழைய வழக்கு வகையொன்று உண்டு. வீட்டு விலங்கு ஒன்று தன் இனத்தின் இயல்புக்கு மாறாக நடந்து பிறர்க்குத் தீங்கு விளைத்தால், உரியவர் தவறு செய்யாதிருந்தபோதிலும் ஈடு செய்யவேண்டும்; அன்றேல் அவ்விலங்கையே ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சாந்தமான குதிரை காரணமின்றி உதைத்தால் அது இயல்புக்கு மாறு. காட்டு விலங்குக்கோ அவ்விதி பொருந்தாது. கடிப்பதே அதன் இயல்பாகையால் அதற்கு வேறு விதி. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் சவன்னாப் பூனை, ஆறடி மதிலை ஒரே பாய்ச்சலிலே தாண்டி அயல் வளவுக் கோழிக்கூட்டை வெறுமையாக்கினால் அது தன் இயல்புக்கு மாறாக நடந்ததா, இயல்புப்படி நடந்ததா? 'பூனைதானே' என்று உரியவர் கூறுவார்; விலை கொடுக்கும்போது 'இது பூனையல்லவே' என்று மகிழ்ந்தவரும் அவரே. ஒரே விலங்குக்கு வாங்கும்போது ஓர் இயல்பும் வழக்கு வரும்போது மற்றோர் இயல்பும் கற்பித்தல் நேர்மையாகாது. அறநோக்கில் இவ்விடயத்தின் முடிச்சு இங்கேதான் உள்ளது எனலாம்.

பிற நாடுகள் இந்த முடிச்சைத் தலைமுறைகளை எண்ணி அவிழ்க்க முயன்றுள்ளன. பிரித்தானியாவிலே, 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி செர்வலின் முதற் தலைமுறைக் கலப்புக்கு உரிமம் வேண்டும். அடுத்த தலைமுறைக்கு வேண்டியதில்லை. சிங்கப்பூரிலே ஐந்தாந் தலைமுறைக்கு முற்பட்ட வங்காளப் பூனைக்கும் சவன்னாப் பூனைக்கும் இடமில்லை. அவுஸ்திரேலியாவோ தன் நாட்டுச் சிறு விலங்குகளுக்கு நேரக்கூடிய அழிவை எண்ணி, 2008இற் சவன்னாப் பூனைகளின் வரவையே தடுத்தது. எண் எங்கே நிற்பது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன என்பதே எண்ணின் போதாமையைக் காட்டும். ஆயினும் நாள்தோறும் முடிவெடுக்க வேண்டிய அதிகாரி வேறென்ன செய்வார்? இன்னொரு செய்தியும் உண்டு. விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுவது பற்றி அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கால்நடை மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, காட்டு விலங்குகளுக்கோ அவற்றின் கலப்புச் சந்ததிகளுக்கோ உரிமம் பெற்ற தடுப்பூசி எதுவும் இல்லை என்கிறது. விசர்நாய்க் கடியால் உயிரிழந்தோரை அறிந்த ஊர்கள் இதனைச் சிறு விடயமாகக் கொள்ள மாட்டா.

திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ ஓர் ஒழுங்கையிலே இத்தகைய பூனையொன்று வந்துவிட்டதாகக் கொள்வோம். வீட்டுக்காரர் தீயவரல்லர், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணத்திலே, வெறிச்சோடிய வீட்டுக்கு ஒரு துணை தேடியவர். அயலிலே ஒரு கைம்பெண் பத்துக் கோழிகளை வைத்து முட்டை விற்கிறாள். பின்புறத்துப் பனங்கூடலிலே கௌதாரி நிலத்திற் கூடு கட்டுகிறது. கிணற்றடி வாழைக்குக் கீழே புலுனிகள் கூட்டமாக மேய்கின்றன. முற்றத்து மாமரத்திலே அணில்கள். வீட்டுக்காரர் பூனையைத் திறந்துவிட்டால் இவற்றின் கணக்கு மாறும். பூட்டிவைத்தால், இரவு முழுவதும் நெடுந்தூரம் திரியவும் பாயவும் நீரிலே இறங்கவும் அமைந்த உடல் ஓர் அறைக்குள்ளே சுவரெங்கும் சிறுநீர் தெளித்துக் குமைந்திருக்கும். திறந்தால் அயலுக்குத் தீங்கு, பூட்டினால் பூனைக்குத் தீங்கு என்னும் இந்நிலை வீட்டுக்காரரின் அன்பின் குறைவால் வந்ததன்று. அன்பு மிகுந்தாலும் அது நீங்காது. மேரி மிட்ஜ்லி என்னும் ஆங்கில மெய்யியலாளர் 1983இல் வெளியிட்ட நூலிலே, மனித சமூகம் என்றுமே மனிதரால் மட்டும் ஆனதன்று, விலங்குகளும் கலந்த சமூகமே அது என்று வாதிட்டார். அக்கருத்து வேலியும் பொட்டும் நிறைந்த யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்கு நன்கு பொருந்தும். ஆயின் கலந்த சமூகத்திலே புதியவரைச் சேர்க்கும்போது ஏற்கெனவே அங்கிருப்போர் அனைவரையும், கோழியும் கௌதாரியும் உட்பட, கேளாமற் சேர்ப்பது எங்ஙனம் என்ற வினாவும் அக்கருத்திலிருந்தே எழும்.

'உயிர் தன் வினைக்கேற்ற உடலை எடுக்கிறது. அந்தப் பூனையின் உடலும் அவ்வாறு வந்ததே. இதிலே மனிதனைக் குறைகூறுவானேன்?' என்று சைவ மரபிலே நின்று ஒருவர் கேட்கக்கூடும். எண்பத்து நான்கு நூறாயிரம் யோனி பேதங்களை எண்ணிய மரபு இந்தப் புதிய பேதத்தை எங்கே சேர்க்கும் என்பது சுவையான ஆராய்ச்சியே. வினை உயிரைச் சார்ந்தது என்பதனால் உடலை ஆயத்தம் செய்தவனின் செயல் வினையாகாது போய்விடாது. அவனுக்கும் அதுவே ஏறும். இவ்வாதம் ஆறுதலுக்கு உதவலாம், விலக்குக்கு உதவாது.

இனி, ஏனைய நாட்டார் இவ்விடயம் பற்றி எழுதும்போது பெரிதும் கருதாத ஒன்றை யாழ்ப்பாணம் கருதாமல் இருக்க முடியாது. விலங்கை வளர்ப்பது ஒரு வாக்குறுதி. வங்காளப் பூனையோ சவன்னாப் பூனையோ பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. பதினைந்து ஆண்டுக்கு வாக்குக் கொடுக்கக்கூடியவர் எவர்? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோர் சில நாளிலே திரும்புவதாகவே எண்ணிப் படலையைச் சாத்தினர். பலருடைய நிலம் 2009க்குப் பின்னரே, அதுவும் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே எழுந்து, மழையிலே செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, கையிலே எடுத்துச் சென்றவை மிகச் சில. ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டோர் உண்டு. நாய்கள் சில தூரம் பின்னால் வந்தன. பூனைகள் வீட்டோடேயே இருந்துவிட்டன.

விட்டுச் செல்லப்பட்ட வீட்டுப் பூனைக்குப் பெரும்பாலும் ஒரு வழி இருந்தது. எலியும் ஓணானும் பிடித்து, பாழ்வளவிலே பற்றைக்குள் குட்டி போட்டு, மனிதரை மறந்து சீவித்திருக்க அதனால் முடியும். அது மனிதர்க்குப் பெருமை தரும் செய்தியன்று; ஆயினும் கைவிட்டவரின் மனச்சுமையைச் சிறிது குறைத்தது. பூட்டிய அறைக்குள்ளே, பெட்டியில் வந்த இறைச்சியுணவிலே வளர்ந்த கலப்புப் பிறப்புப் பூனைக்கு என்ன வழி? ஒன்று, அறைக்குள் மடிவது. மற்றது, வெளியேறிப் பற்றைகளை அடைவது. இரண்டாவது வழி நல்லது போலத் தோன்றும். அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார், அவர் வெருகு.

ஸ்கொத்லாந்தின் அனுபவம் இதனை விளக்கும். அந்நாட்டுக் காட்டுப்பூனையை வேட்டையும் காடழிப்பும் பெருமளவிற் குறைத்தன. எஞ்சியவற்றை வீட்டுப் பூனையுடனான கலப்பு கரைத்துவிட்டது. காட்டிலே எஞ்சியுள்ள தொகை தானாக நிலைபெறக்கூடியதன்று என்று 2019இல் அறிஞர் குழு அறிவித்தது. 2023 முதல், கூட்டிலே பெருக்கிய பூனைகளைக் கெயார்ன்கோம் மலைப்பகுதியிலே விட்டு மீண்டும் தொடங்கவேண்டியதாயிற்று. அங்கே காட்டுப்பூனையைக் கரைத்தது எந்தக் கொடியவனும் அல்லன். பண்ணை வீட்டுப் பூனைகளே. வெருகுக்கும் வீட்டுப் பூனைக்கும் கலப்பு நிகழக்கூடும் என்பதற்குச் சௌசியே சான்று. பாதி காடாகவும் பாதி வீடாகவும் மனிதர் ஆக்கிய பூனைகள் வயலோரத்தை அடைந்தால், இருபுறமும் உறவு கொண்டாடும் அவற்றின் வழியாக அக்கலப்பு மேலும் எளிதாகக்கூடும். காட்டை வீட்டுக்குள் வைத்து மகிழ வேண்டும் என்ற விருப்பத்தின் முடிவு, வேலிக்கு வெளியே எவருடைய செலவுமின்றி நின்ற காடு இல்லாமற் போவதாயின் அது பெருநட்டம். இந்நட்டத்தை ஏற்பவர் பூனையை வாங்கியவரும் அல்லர், விற்றவரும் அல்லர்.

ஆகவே முதற் சில தலைமுறைக் கலப்புகளைப் பிறப்பிப்பதையும், அவற்றை இக்குடாநாட்டுக்குக் கொண்டுவருவதையும் அறத்தின்பாற்பட்ட செயலென்று ஏற்பதற்கில்லை. பல தலைமுறை கடந்து, இயல்பால் வீட்டுப் பூனையாகவே ஆகிவிட்ட வங்காளப் பூனையின் நிலை வேறு. அதனை வளர்ப்பவர் சாதாரணப் பூனை வளர்ப்பவரிலும் சற்று மிகுதியான பொறுப்புடையவர் என்பதற்கு மேற் கடிந்துரைக்க ஒன்றுமில்லை. இவ்வேறுபாட்டை மறந்து, புள்ளியுள்ள எந்தப் பூனையைக் கண்டாலும் கல்லெறியும் அயலவரும் உண்டாகக்கூடும். பிராணி தன் பிறப்பைத் தேர்ந்ததன்று. அதன்மேல் எறியப்படும் கல் தவறான இடத்துக்கே செல்கிறது.

ஏற்கெனவே பிறந்து ஒரு வீட்டை அடைந்துவிட்டதை என்செய்வது? இவ்வினா கடினமானதாயினும் விடையற்றதன்று. அதனை வைத்திருப்பவர் வளவுக்குள்ளே, மேலும் மூடிய கம்பிவலைக் கூடாரம் ஒன்றை அமைக்கலாம். ஏறுவதற்கு மரமும் இறங்குவதற்கு நீர்த்தொட்டியும் அதனுள்ளே இருக்கவேண்டும். கருத்தடைச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. அயலவர்க்கு அது என்ன பிராணி என்பதை மறைக்காமற் கூறி, அவர்களுடைய கோழிக்கூட்டுக்கு வேண்டிய கம்பியைத் தம் செலவிலே அடித்துக் கொடுப்பது நீதி. தாம் புலம்பெயர நேர்ந்தாலோ நோயுற்றாலோ அதனை ஏற்பவர் யார் என்பதை, வாங்கிய அன்றே, பெயர் குறித்து முடிவு செய்திருக்க வேண்டும். இத்தனையும் செய்தபின் அந்த வீட்டுக்காரர் மாலையிலே விறாந்தையில் அமர்ந்து, வலைக்குள்ளே முன்னும் பின்னுமாக நடக்கும் பூனையைப் பார்த்திருப்பார். அறுவடை முடிந்த வயலின் வரம்பிலே, அவர் பார்க்காத நேரத்தில், வெருகு எலிக்காக வந்து நிற்கும். விடியுமுன் பற்றைக்குள் திரும்பிவிடும்.